கோர்வேர் மக்கர் செய்தால்: முதலில் வருஷத்தைப் பாருங்கள்

பழைய செவர்லே கோர்வேரைப் புது மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். முன்பக்கம் திறந்து பார்ப்பார், அங்கே டிக்கி இருக்கும். பின்பக்கம் போய்த் திறப்பார், எஞ்சின் இருக்கும், ரேடியேட்டரைக் காணோம். கொஞ்ச நேரம் குனிந்து தேடுவார். அதற்கு மேல் அவர் சொல்லும் எதையும் சற்றுச் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரே இல்லாத, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சினைப் பின்னால் வைத்து 1959 அக்டோபரில் விற்பனைக்கு வந்த கார் இது. அப்போது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்கச் சந்தையைச் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. ஃபோர்டு ஃபால்கன், கிரைஸ்லர் வேலியன்ட் என்று மற்ற இரு பெரிய கம்பெனிக்காரர்களும் பெரிய காரைச் சுருக்கிச் சின்னக் கார் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவுத் தலைவரான எட் கோல், எஞ்சினியரிங்கில் ஊறியவர், அடியிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்தார். முதல் ஆண்டில் ஃபால்கன் 4 லட்சத்துக்கு மேல் விற்றது, கோர்வேர் சுமார் 2.5 லட்சம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் எதையாவது மாற்றிக்கொண்டே போனார்கள். இன்று அந்த வண்டியில் வரும் கோளாறுகளில் பாதி, எந்த ஆண்டு எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் கை வைப்பதால் வருபவை. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

எந்த வருஷத்து வண்டி?

பதிவுப் புத்தகத்தை நம்பாதீர்கள், வண்டி எண்ணைப் பாருங்கள். 1964 வரை வந்தவற்றில் முதல் இலக்கம்தான் ஆண்டு. என்னுடைய வண்டியின் எண் 30927 என்று தொடங்கி டபிள்யூ எழுத்தோடு தொடர்கிறது. 3 என்றால் 1963, 0927 என்றால் மான்ஸா கூபே என்ற மாடல், டபிள்யூ என்றால் மிச்சிகனில் உள்ள வில்லோ ரன் ஆலை. 1965 முதல் முறை மாறியது: எல்லா எண்களும் 1 என்றே தொடங்கும், ஆறாவது இலக்கம் ஆண்டைச் சொல்லும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 என்று தொடங்கியதும் 1961 என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறாவது இடத்தில் எழுத்து இருந்தால் 1961, இலக்கம் இருந்தால் 1965 அல்லது அதற்குப் பின்.

எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 1960-ல் 140 கன அங்குலம், 1961-ல் 145, 1964 முதல் 164. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் உடன்பிறப்பு போலவே இருக்கும்.

'ஜென்-ஃபேன்' விளக்கு எரிகிறது

ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

மற்றக் கார்களில் இந்த விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், வீடு போய்ச் சேரலாம். கோர்வேரில் ஜெனரேட்டரையும் குளிர்விக்கும் ஃபேனையும் ஓட்டுவது ஒரே பெல்ட். அது போனால் எஞ்சினுக்குக் காற்றே இல்லை. இரண்டு மூன்று மைல் ஓட்டினால் சிலிண்டரின் தலைமூடியான ஹெட் வெந்து, வால்வு சீட் கழன்று விழும். பிறகு செலவு வண்டி விலையை எட்டும்.

பெல்ட் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறது என்று பின்பக்க மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தாலே தெரியும். கிராங்க் புல்லி வண்டியின் பின்முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. ஃபேனோ எஞ்சினின் உச்சந்தலையில் படுத்துக் கிடக்கிறது. பெல்ட் கீழிருந்து ஏறி, ஒரு பக்கம் ஐட்லர், மறுபக்கம் ஜெனரேட்டர் என இரண்டு புல்லிகளின் மேல் செங்கோணமாகத் திரும்பி, ஃபேனைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே இறங்குகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கே, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில்.

முதலில் பெல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஃபேனைக் கையால் திருப்புங்கள். லேசாக, சத்தமில்லாமல் சுற்றினால் பேரிங் சரி. கரகரத்தால் புது பெல்ட் போட்டும் பயனில்லை, பேரிங்தான் அதைக் கொல்கிறது. பிறகு ஐட்லர், ஜெனரேட்டர் புல்லிகளின் பள்ளத்தில் விரலை ஓட்டுங்கள். துரு சொரசொரத்தால் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும்.

பெல்ட் வாங்கும்போது ஓரங்கள் துணி சுற்றியதாக இருக்கட்டும். ஓரம் வெட்டிய நவீன பெல்ட் புல்லியை இறுகப் பிடித்துக்கொள்ளும். திருப்பங்களில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்காமல் புரண்டு வெளியே எகிறும். இறுக்கமும் அப்படித்தான். கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். 'நல்லா டைட் பண்ணிட்டேன்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அவரே அடுத்த பெல்ட்டுக்கும் பணம் கொடுக்கட்டும்.

எனக்கு அறுந்தது இரவு ஒன்பது மணிக்கு, ஊருக்கு வெளியே. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, 9/16 ஸ்பேனரால் ஐட்லரைத் தளர்த்தி, புதியதைக் கீழ்ப் புல்லியில் முதலில் மாட்டி, கடைசியாக ஃபேனைச் சுற்றி இழுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. கை மட்டும் இரண்டு இடத்தில் சுட்டது. அந்த ஸ்பேனரும் ஒரு பெல்ட்டும் டிக்கியில் இல்லாமல் கோர்வேர்காரர்கள் யாரும் தெருமுனையைத் தாண்டுவதில்லை.

ஹீட்டர் போட்டால் உள்ளே எண்ணெய் நாற்றம்

இதுவும் தண்ணீர் இல்லாத குறைதான். சாதாரணக் காரில் ரேடியேட்டர் வெந்நீரை உள்ளே சுற்றவிட்டுச் சூடு எடுப்பார்கள். 1960-ல் இதற்காகப் பெட்ரோலை எரிக்கும் தனி ஹீட்டரைத் தனி விலைக்குக் கொடுத்தார்கள். அது காரின் பெட்ரோலையே குடித்தது. மறு ஆண்டே எஞ்சினைக் குளிர்வித்துச் சூடான காற்றையே குழாய் வழியாக முன்னால் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். சிக்கனமான யோசனை. ஆனால் எஞ்சின் மேல் என்ன கசிந்து எரிகிறதோ அது உங்கள் மூக்குக்கு வரும்.

கசிவது பெரும்பாலும் புஷ்ராட் (வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பி) குழாய்களின் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். வால்வுக்கு ஒன்றாக 12 குழாய்கள், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, ஆக 24. அன்று போட்ட ரப்பர் சூட்டில் காய்ந்து விறைத்துவிடும். நான் கழற்றியபோது முதல் ரிங்கை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டேன். வளையவில்லை, அப்பளம் போல மூன்று துண்டாக உடைந்து தட்டில் விழுந்தது.

மாற்றுவதற்கு வண்டியைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, கீழே படுக்க வேண்டும். வால்வு கவர், ராக்கர், புஷ்ராட் என்று வரிசையாக எடுத்த பிறகுதான் குழாயை உருவ முடியும். எந்தப் புஷ்ராட் எங்கே இருந்தது என்று ஓர் அட்டையில் துளை போட்டுச் செருகி வையுங்கள். புதிய ரிங் வைட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். அது சூட்டைத் தாங்கும். மலிவான கறுப்பு ரிங் பொட்டலம் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், இந்த வேலையை யாரும் இரண்டாம் முறை விரும்பிச் செய்வதில்லை.

எண்ணெய் நாற்றத்தோடு புகை நெடியும், தலைவலியும் சேர்ந்து வந்தால் விஷயம் வேறு. ஹெட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் உள்ள வளையப் பேக்கிங் போயிருக்கும். அப்போது உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனை கிடையாது. ஹீட்டரை மூடி, ஜன்னலை இறக்கி, சரிசெய்யும்வரை அந்த வண்டியைக் குளிர்காலத்தில் எடுக்காதீர்கள்.

'டெம்ப்-பிரஸ்' விளக்கு எரிகிறது

ஒரே விளக்கு, இரண்டு நோய்: ஹெட் சூடு, ஆயில் அழுத்தம். காசு மிச்சப்படுத்தியவர் யாரோ, இன்று அவர் கையில் கிடைக்க மாட்டார்.

சிக்னலில் நிற்கும்போது மினுக்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அணைகிறதா? அது ஆயில் அழுத்தம். அளவு பாருங்கள், பிறகு பிரஷர் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். அது மலிவு, கெட்டுப்போவதும் அதிகம். மேடு ஏறும்போது எரிந்து அணையாமலே நின்றால் அது சூடு.

சூட்டுக்குக் காரணம் தேட எஞ்சின் அறையின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். அறைக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பர் சீல் ஓடும். எங்காவது கிழிந்திருந்தால் கீழே வெளியேறிய சூடான காற்று மேலே வந்து மறுபடியும் ஃபேனுக்குள் போகும். பலர் எஞ்சினைப் பிரித்து மாட்டிய பிறகும் தீராத சூட்டுக்கு இந்த ரப்பர்தான் காரணம். அடுத்தது, பின்னால் கீழே காற்று வெளியேறும் கதவுகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடி, சூடேறியதும் தெர்மோஸ்டாட் தள்ளித் திறக்க வேண்டும். துருப்பிடித்து மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கோடையில் கம்பி போட்டுத் திறந்தே கட்டிவைத்து ஓட்டலாம்.

மிஸ்ஸிங் அடிக்கிறது, ஐடிலிங்கில் குலுங்குகிறது

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கார்ப்புரேட்டர். இரட்டை மாட்டு வண்டி மாதிரி, ஒன்று இழுத்து ஒன்று சோம்பினால் குலுங்கத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமாகப் பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். இணைப்புக் கம்பிகளின் மூட்டில் தேய்மானம் இருந்தால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் நிற்காது, முதலில் அதை மாற்றுங்கள்.

ட்யூன் செய்த பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் ஒயர் வரிசை தப்பியிருக்கும். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-4-5-2-3-6. ஒற்றை எண்கள் வலது பக்கம், முதல் சிலிண்டர் வண்டியின் பின்கோடியில். எஞ்சின் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் சுற்றும் என்பதும் நினைவிருக்கட்டும். இதே எஞ்சினை ஃபோக்ஸ்வாகனில் ஏற்றியவர்கள் நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைத்து முழித்த கதைகள் உண்டு.

1964-க்குப் பிந்தைய பல எஞ்சின்களில் கிராங்க் முனையில் ரப்பர் வைத்த பேலன்சர் இருக்கும். ரப்பர் பிடி விட்டால் வெளிவளையம் நழுவும், தீப்பொறி நேரத்தை (டைமிங்) காட்டும் கோடும் கூடவே நழுவும். டைமிங்கை எப்படி வைத்தாலும் வண்டி இழுக்கவில்லை என்றால் கோட்டைச் சந்தேகியுங்கள்.

1962-ல் வந்த மான்ஸா ஸ்பைடரில் டர்போ உண்டு, 150 குதிரைத்திறன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

வளைவில் பின்பக்கம் நழுவுகிறது

இப்போது வருஷம் மிக முக்கியம். 1965 அல்லது அதற்குப் பின் என்றால் டயர், ஷாக் அப்சார்பர், பேரிங் என்று எந்தக் காரிலும் பார்ப்பதைப் பாருங்கள், போதும். 1960 முதல் 1963 வரை என்றால் உட்காருங்கள்.

வண்டியின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்னால். அந்த எடையைத் தாங்கும் ஆக்ஸிலுக்கு டிஃபரென்ஷியல் பக்கம் மட்டுமே மூட்டு. முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்காமல் தோளை மட்டும் தூக்கி இறக்கிப் பாருங்கள், உள்ளங்கை எப்படிச் சாய்கிறது? சக்கரமும் அப்படித்தான். வேகமாகத் திரும்பும்போது, குறிப்பாகப் பாதி வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உடல் மேலே எழும்பி வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

இதற்குச் செவர்லே வைத்த மருந்து காற்று. முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26, குளிர்ந்த நிலையில். முன்பக்கம் மெத்தென்று இருந்தால் வளைவில் முதலில் நழுவுவது முன்பக்கமாக இருக்கும், அதை ஓட்டுநர் சமாளிப்பார் என்பது கணக்கு. கையேட்டில் அச்சிட்டிருந்தது. ஆனால் காற்று அடிக்கும் இடத்தில் கையேட்டை யார் திறப்பார்கள்? நான்கு சக்கரத்துக்கும் சமமாக அடித்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே நழுவுகிறது என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது 'காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?' என்றுதான். இன்றைய ரேடியல் டயருக்கு 15 மிகக் குறைவு, கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் எட்டுப் பவுண்டாவது வித்தியாசம் இருக்கட்டும், முன்னால்தான் குறைவு. பிறகு பின்சக்கரங்களை நேராக நின்று பாருங்கள். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து கால் அகன்று நிற்பது இயல்பு. கால் குறுகி உள்ளே வாங்கியிருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். யாரோ உயரமான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். சக்கரம் மடங்காமல் தடுக்கும் கேம்பர் காம்பன்சேட்டர் என்ற குறுக்குப் பட்டையும் கிடைக்கிறது. வாங்கத் தகுந்த பொருள்.

1964 வண்டி இடையில் நிற்கிறது. முன்னால் சாய்வைத் தடுக்கும் கம்பி, பின்னால் குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், இரண்டையும் அந்த ஆண்டு எல்லா வண்டிக்கும் போட்டார்கள். என்னைக் கேட்டால் பழைய உடலமைப்பில் வாங்க வேண்டியது 1964-தான். என்னிடம் இருப்பது 1963. அதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்தியதும் யாராவது வந்து 'இது ஆளைக் கொல்ற வண்டியாச்சே' என்கிறார்

இதுவும் அறிகுறிதான், எல்லா ஆண்டு மாடலுக்கும் வரும். மூலம் 1965 நவம்பர். ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கோர்வேர். அதற்குள் இந்த வண்டியின் மேல் நூறுக்கு மேற்பட்ட வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்தபோது கடையில் நின்ற 1965, 66 வண்டிகளில் இரண்டு முனையிலும் மூட்டு வைத்த புதிய பின்பக்க அமைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. நோய் தீர்ந்த பிறகு நாடு முழுக்கத் தண்டோரா போட்டார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் சும்மா இருந்திருந்தால் புத்தகம் அலமாரியில் போயிருக்கும். நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவத் துப்பறிவாளர்களை ஏவினார்கள். அது வெளியே வந்து, 1966 மார்ச்சில் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. நேடர் போட்ட வழக்கு 1970-ல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது.

1972-ல் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1960–63 கோர்வேரைச் சமகாலக் கார்களோடு சோதித்து, கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ இது மற்றவற்றைவிட மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. கோர்வேர் கிளப்காரர்கள் இதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்கள். எனக்கு அவர்கள் அளவுக்கு நிம்மதி இல்லை. 1964-ல் போட முடிந்த கம்பியை 1960-லேயே போட்டிருக்கலாம் அல்லவா? காற்றின் அளவை ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவியது நேடர் சொன்ன குற்றம், அதற்கு அறிக்கையில் பதில் இல்லை. வந்து கேட்பவரிடம் இவ்வளவும் சொல்ல முடியாது. 'காத்து சரியா வெச்சா ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோமேட்டிக்கில் 'பார்க்' எங்கே?

இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் சின்ன நெம்புகோலில் ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ மட்டும்தான். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்கள், கேபிள் தளர்ந்திருந்தால் இன்றே சரிசெய்யுங்கள். ஸ்டெப்னியையும் இப்படித்தான் தேடுவார்கள்: 1960-ல் முன் டிக்கியில், 1961 முதல் எஞ்சின் பக்கத்தில்.

1966 வண்டியின் பாகம் 1969-க்கும் பொருந்துகிறதே, சரியா?

பெரும்பாலும் சரி. 1964 ஏப்ரலில் ஃபோர்டு முஸ்டாங் வந்து முதல் 12 மாதத்தில் 4 லட்சத்துக்கு மேல் விற்றதும் செவர்லேயின் கவனம் அதற்குப் பதிலான கமாரோ பக்கம் போய்விட்டது. கோர்வேர் 1965-ல் 2.3 லட்சத்துக்கு மேல், 1967-ல் 27,000 சொச்சம், 1969-ல் வெறும் 6,000. சட்டம் கேட்டவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டு 1969 மே 14-ல் நிறுத்தினார்கள். உரிமையாளருக்கு இதில் லாபம்தான். மொத்தம் 17 லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டி என்பதால் மசாசூசெட்ஸில் கோர்வேர் பாகங்களை மட்டுமே விற்கும் கடை இன்றும் பட்டியல் போட்டு அனுப்புகிறது.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்து எடுத்தேன், பத்து நிமிடத்தில் கொதிக்கிறது

பெல்ட் சுற்றுகிறது, கதவு திறக்கிறது, சீல் புதிது, இருந்தும் ஒரு பக்க ஹெட் மட்டும் சுடுகிறது என்றால் எலி. சிலிண்டர் மேல் மூடியிருக்கும் தகட்டுக்கு அடியில் கதகதப்பாக, இருட்டாக, மழை படாமல் ஓர் அறை இருக்கிறது. அதைவிட நல்ல வீடு எலிக்கு எங்கே கிடைக்கும்? மேல்தகட்டைக் கழற்ற கார்ப்புரேட்டர், ஃபேன் எல்லாம் எடுக்க வேண்டும். முதலில் ஃபேன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது சீட்டுப் பஞ்சு தெரிந்தது, எங்கள் பின் சீட்டுடையது. கழற்றி அள்ளியதில் ஒரு வாளிப் பஞ்சு, கொட்டை ஓடு, கடித்த காகிதம். காகிதத்தை விரித்தேன். காற்றளவு அச்சிட்ட கையேட்டுப் பக்கம், 26 மட்டும் மிச்சமிருந்தது.